குறியீட்டு மொழியும் தோட்டத்துப் பதிவேடுகளும்

கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தகரத்துண்டொன்று வழங்கப்படலாயிற்று. அதிற் பொறிக்கப்பட்ட எண், அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டிற்று. ஆளை உரிய இடத்திற் சேர்ப்பதற்கு அது போதுமானதாயிருந்தது. ஆனால், எண்ணின் பொருளை விளக்கும் பட்டியல் வேறிடத்தில் இருந்தது. பட்டியல் அழியின் எண் ஊமையாகும்.

தரவோடு அதன் பெயரையும் சேர்த்தெழுதும் முறையே இக்குறைக்கு மாற்று. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் கோல்ட்பாப், மோஷர், லோறி ஆகிய மூவர் ஆக்கிய குறியீட்டு மொழி, 1986இல் எஸ்.ஜீ.எம்.எல். என்னும் சர்வதேச நியமமாக வளர்ந்து, 1998இல் எக்ஸ்.எம்.எல். என எளிமை பெற்றது. இதிலே தரவின் இருபுறமும் அதன் பெயர் நிற்கும். ‘தோட்டம்’ என்னுங் குறிகள் இரண்டினிடையே ‘லூல்கந்துர’ என எழுதிவிட்டால், பின்னொரு காலத்தில் வேறொரு பொறியில் வாசிப்பவருக்கும் அது விளங்கும். குறிகளைத் தமிழிலேயே அமைக்கவும் இடமுண்டு.

ஆயினும், எவற்றுக்குப் பெயரிடுவது என்பதை வகுப்பவர் யார் என்ற வினா எழுகின்றது. செக்றோல் என்பது வேலைநாளையும் சம்பளத்தையும் கணக்கிட எழுந்த ஏடு. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமோ, 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. ஏற்கப்பட்டவர் 1,34,000 பேரளவினரே. அரசியலே இதன் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், கூலிக்கணக்கு ஏட்டில் வதிவிடச் சான்றைத் தேட நேர்ந்த அவலமும் மனங்கொளத்தக்கது.

இன்று இணையத் தரவுப் பரிமாற்றத்தில் ஜேசன் என்னும் சிறிய வடிவம் எக்ஸ்.எம்.எல்.லைப் பெரிதும் பின்தள்ளிவிட்டது. அதனால் இதன் காலம் முடிந்தது என்பாருமுளர். அது அவசர முடிபு. பழைய ஏடுகளைப் படியெடுப்போருக்கு இதற்கு நிகரான கருவி அரிது. 1987இல் தொடங்கிய டி.ஈ.ஐ. என்னும் பனுவற் குறியீட்டு நெறி இன்றும் இதனையே கையாள்கின்றது. ஒரே மனிதர் ஓரேட்டில் ‘ராமசாமி’ எனவும் பிறிதோரேட்டில் ‘ராமன்’ எனவும் பதிவாகியிருப்பின், இரு வடிவத்தையும் திருத்தாது காத்து, இருவரும் ஒருவரே என்பதைத் தனிக்குறியாற் சுட்டலாம். ஏட்டில் ‘கூலி’ என்றுள்ள சொல்லை அழிக்காது, வகைப்பெயராகத் ‘தொழிலாளர்’ என இடவும் முடியும். ஹேவாஹெட்டை, புசல்லாவைப் பகுதிகளில் எஞ்சியுள்ள ஏடுகளுக்கு இக்குறிகளை வகுப்பதில், அவற்றிற் பெயர் பதிந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கிருத்தல் வேண்டும்.