சாதன டிரைவரில் பிழைச் சோதனை

இயங்குதளத்தையும் வன்பொருளையும் இணைக்கும் நிரலே டிரைவர். சாதனம் உரிய நேரத்தில் பதில் தராவிட்டால் லினக்ஸ் டிரைவர் −110 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் அளவீடாகவே ஏற்பதுதான் மிகக் கொடிய வழு. விட்டுப்போன சோதனைகளைத் தேட காக்சினெல், ஸ்மேட்ச் ஆகிய கருவிகள் உதவுகின்றன.

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழில் வட்டாரத்தில், கழிவுநீரை அளக்கும் மானிகளின் டிரைவரில் இருந்தால் இந்த வழு பாலாற்றையே பாதிக்கக்கூடியது. தோல் பதனிடுதல் உட்பட 17 வகைத் தொழில்களில் கழிவை இணையவழியே தொடர்ந்து கண்காணிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. இத்தகைய மானிகளில் பரவலான மோட்பஸ் ஆர்டியூ என்ற தகவல்தொடர்பு முறையில் ஒவ்வொரு செய்தியும் 16 பிட் சிஆர்சி என்ற பிழைச் சோதனை எண்ணோடு முடியும். அது பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும். பதிலே வராதபோது சுழியம் என்று பதிவதும் பெருந்தவறு: கழிவுநீர் ஓடவே இல்லை என்றாகிவிடும்.