மண்டையோடும் மதிப்பாய்வும்: ஆதிச்சநல்லூர் தரும் படிப்பினை

தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு உலகறிந்த புதைகாடாகும். 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஜாகோர் அதனை முதன்முதல் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து, தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெளிக்கொணர்ந்தார். அவற்றோடு மனித மண்டையோடுகளும் கிடைத்தன. மருத்துவம் பயில்வோர் பிறருடைய ஆய்வை மதிப்பிடக் கற்றுக்கொள்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இம்மண்டையோடுகளின் வரலாறு விடை தருகின்றது.

1930இல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டது. அதனை எழுதியவர் சாலி சக்கர்மேன். 1904இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், இலண்டனில் மருத்துவக் கல்வியை முடித்து, யூனிவர்சிட்டி கல்லூரியில் உடற்கூற்றியல் செய்முறை ஆசிரியராகப் பணியாற்றிய இளைஞர். அத்துறையின் தலைவர் பேராசிரியர் எலியட் ஸ்மித். மாணவரின் ஆய்வோடு ஆசிரியரின் குறிப்பும் சேர்த்தே அச்சிடப்பெற்றது. ஆசிரியர் தம் கருத்தைத் தம் பெயரோடு யாவரும் காண வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

மதிப்பாய்வு என்பது குற்றம் காணும் கலையன்று. ஆய்வாளர் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தறிதலே அதன் சாரம். ஒரு மண்டையோட்டின் நீள அகலங்கள் காணப்பட்டவை; அதற்குரியவர் எக்குலத்தவர் என்பது ஊகம். இவ்வேறுபாட்டை நூலில் படித்தால் மட்டும் போதாது. அனுபவமிக்க ஒருவர் அருகிருந்து, “இம்முடிவுக்குச் சான்று எங்கே?” என்று மீண்டும் மீண்டும் வினவும்பொழுதே அது மாணவரின் இயல்பாகின்றது.

ஆயினும் ஆசிரியரும் தவறக்கூடியவரே. 1912இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பெற்ற பில்ட்டவுன் மனிதனை மெய்யென்று ஏற்றவர்களுள் எலியட் ஸ்மித்தும் ஒருவர். மனித மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் பொருத்திச் செய்த மோசடி அது என்பது 1953இல் வெளிப்பட்டது. அவர் அதற்கு முன்னரே, 1937இல், மறைந்துவிட்டார். பெரியவரின் பெயருக்கு அஞ்சிக் கேள்வி கேளாதிருந்தால் பிழை நாற்பது ஆண்டுகள் வாழும்.

ஆதிச்சநல்லூருக்கும் இது பொருந்தும். அக்காலத்து அறிஞர் மண்டையோட்டை அளந்து மாந்தரை இனவகைகளில் அடக்கினர். சில எலும்புகளைக் கொண்டு ஒரு மக்களின் தோற்றத்தையே முடிவுசெய்யலாம் என்று எண்ணினர். இத்தகைய இனவாதக் கருத்துகளை மறுத்து யுனெஸ்கோ 1950இல் அறிக்கை வெளியிட்டது. 1963இல் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் சார்பில் சாட்டர்ஜியும் குப்தாவும் ஆதிச்சநல்லூர் எலும்புகளைப் பற்றிய தங்கள் அறிக்கையை அளித்தனர். ஒருவர் ஆய்ந்ததை மற்றொருவர் மீண்டும் ஆய்வதே அறிவு நேர்ப்படும் வழியாகும். பவுல் அரியோபாகு மேடையில் உரைத்த மனுக்குல ஒருமையை அறிக்கையிடும் நாம், மனிதரைத் தரம்பிரித்த அறிவியலைச் சோதித்துத் திருத்தியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

வெளியிடப்படாத ஆய்வை எவரும் மதிப்பிட இயலாது. 2004-2005ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறை இங்கு மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. ஆனால் முழு அறிக்கை ஆண்டுகள் பல கடந்தும் வரவில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்ற பின்னரே, 2019இல், இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என நாட்டுக்குத் தெரியவந்தது. இடைப்பட்ட காலத்தில் வதந்தியும் வீண்பெருமையும் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆகவே மருத்துவ மாணவரைப் பயிற்றுவிப்போர் மூன்றைச் செய்தல் நலம். மாணவரை அருகிருத்தி ஓர் ஆய்வுரையைச் சேர்ந்து வாசிக்க வேண்டும். அவர் எழுதும் மதிப்பீட்டைத் திருத்தி, திருத்தத்தின் காரணத்தையும் விளக்க வேண்டும். தம்முடைய எழுத்தையே அவர் கையில் கொடுத்து, “இதில் பிழை காண்பாயாக” என்று சொல்ல வேண்டும். மூன்றாவதே கடினமானது. இறையியல் கல்லூரியில் பிரசங்கத்தையும் ஆய்வேட்டையும் திருத்தும் நமக்கும் அதுவே கடினம். மாணவனின் கேள்விக்கு இடங்கொடாத ஆசிரியர் தம் அறிவோடு தம் பிழைகளையும் அவனுக்குச் சுதந்தரமாக விட்டுச் செல்கிறார்.