கதவைச் சாத்திக்கொண்ட ஊர்

மொராக்கோவின் வடக்கே, ரிஃப் மலைச்சரிவில் ஷெஃப்சாவென் என்றொரு குட்டி ஊர். பழைய ஊருக்குள் நடராஜா சர்வீஸ்தான்! சுவரெல்லாம் நீலம், சந்தெல்லாம் படிக்கட்டு. வழி தப்பினால் பதற வேண்டாம். மேலே ஏறினால் ராஸ் எல்-மா நீரூற்று. கீழே இறங்கினால் கோட்டை நிற்கும் சதுக்கம்.

டூரிஸ்ட்டுகள் ஹாயாகப் போட்டோ எடுக்கும் இதே சந்துகளில், ஒரு காலத்தில் ஐரோப்பியர் கால் வைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை! கடற்கரை ஊர்களைப் போர்ச்சுக்கீசியர் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த நேரம்... அவர்களை எதிர்க்க 1471-ல் அலி இப்னு ரஷீத் எழுப்பிய கோட்டை ஊர் இது. 1492-ல் கிரனாடா வீழ்ந்த பிறகு, ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களும் முஸ்லிம்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். வீட்டைப் பறிகொடுத்து வந்தவன் கதவைத் திறந்தா வைப்பான்?

1883-ல் சார்ல் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர், யூத குரு வேஷம் போட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. 1920-ல் ஸ்பானிஷ் படை ஊருக்குள் நுழைந்தபோது ஓர் ஆச்சரியம். இங்கிருந்த யூதர்கள் பேசியது ஸ்பானிஷ்... அதுவும் முப்பாட்டன் காலத்து ஸ்பானிஷ்! துரத்தியவர்களின் மொழியை, துரத்தப்பட்டவர்கள் நானூறு வருஷத்துக்கும் மேலாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள்!