விதி வகுத்த எல்லை

விளையாட்டுக் களத்தில் வெற்றியை விழையும் மாந்தன், இயற்கை தனக்களித்த வலிமையோடு அமைதி கொண்டவன் அல்லன். அவ்வலிமையைப் பெருக்கும் வழிகளைப் பண்டுதொட்டே அவன் தேடி வந்திருக்கிறான். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஓட்டத்தில் வென்ற ஸ்பார்ட்டா நாட்டுக் கார்மிஸ், உலர்ந்த அத்திப்பழங்களை உண்டு பயின்றான் என்று கிரேக்கர் கூறினர். மற்போரில் ஆறு முறை ஒலிம்பிக் வாகை சூடிய குரோட்டன் நகரத்து மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான் என்றும், அது காளையாக வளர்ந்த பின்னரும் சுமந்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டினால் தசையும் அதற்கேற்ப வலுப்பெறும் என்னும் இக்காலப் பயிற்சி நெறி அக்கதையுள் அடங்கிக் கிடக்கிறது.

ஆயினும், எல்லாத் தேடல்களும் இவ்வாறு நலம் பயப்பனவாக அமையவில்லை. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தை நோக்குக. வெயிலும் புழுதியும் வீரர்களை வாட்டின. குடிநீரும் அரிதாகவே கிடைத்தது. தளர்ந்து தள்ளாடிய தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, உடன் வந்த துணைவர்கள் முட்டை வெண்கருவோடு ஸ்டிரிக்னைனைக் கொடுத்தனர், பிராந்தியும் கொடுத்தனர். ஸ்டிரிக்னைன் என்பது எட்டிக்கொட்டையில் உள்ள கொடிய நஞ்சு. முதலில் வந்து சேர்ந்தவர், வழியில் ஒரு பகுதியை மோட்டார் வண்டியில் கடந்தவர் என்று தெரிந்ததால் நீக்கப்பட்டார். பிறர் தாங்கிப் பிடிக்க எல்லைக் கோட்டைக் கடந்த ஹிக்ஸ், 3 மணி 28 நிமிடம் 53 வினாடியில் வென்றவராக அறிவிக்கப்பெற்றார். வண்டியில் ஏறியது குற்றம். நஞ்சு உண்டது குற்றமன்று. அன்றைய விதி அவ்வளவே.

அவ்விதியின் குறைபாட்டை உலகம் உயிர்களை இழந்தே உணர்ந்தது. 1967ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தில், வெயில் தகித்த வாண்டூ மலைச்சரிவில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து மாண்டார். அவர் உடலில் ஆம்பெட்டமின் என்னும் ஊக்க மருந்து காணப்பட்டது. அடுத்த ஆண்டே ஒலிம்பிக் போட்டிகளில் மருந்துச் சோதனை தொடங்கிற்று. 1968இல் மெக்சிகோ நகரில் முதன்முதலாக அகப்பட்டவர் சுவீடன் நாட்டு ஐந்திறப் போட்டி வீரர் ஹான்ஸ் குன்னார் லில்யென்வால். பதற்றம் தணிய இரண்டு பீர் அருந்தியதாக அவர் கூறினார். அதனால் அவருடைய அணி வெண்கலப் பதக்கத்தை இழந்தது. 1904இல் பிராந்தி அருந்தியவருக்குத் தங்கம். 1968இல் பீர் அருந்தியவருக்குத் தண்டனை.

அதே மெக்சிகோ நகரம் மற்றொரு பாடத்தையும் புகட்டிற்று. கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரில் காற்று அடர்த்தி குறைந்தது. குறுந்தொலைவு ஓட்டத்திற்கு அஃது உதவி. நெடுந்தொலைவு ஓட்டத்திற்கோ இடர். மலேசியாவின் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடிகளில் ஓடியது அங்கேதான். மருத்துவரான அவர், பிற்காலத்தில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஊக்க மருந்துத் தடுப்புப் பணியிலும் ஈடுபட்டார். கென்யாவின் உயர்நிலத்தில் வளர்ந்த கிப்சோகே கெய்னோ 1,500 மீட்டரிலும், எத்தியோப்பியாவின் மாமோ வொல்டே மாரத்தானிலும் வென்றனர்.

அதன்பின் சமவெளி நாட்டு வீரர்கள் மலைகளை நாடினர். உயிர்வளி குறைந்த இடத்தில் வாழும்போது, சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக வெளியிடுகிறது. அதனால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. 2,500 மீட்டர் உயரத்தில் வாழ்ந்து, 1,250 மீட்டர் உயரத்தில் பயிற்சி செய்வது பயன் தரும் என்று அமெரிக்க ஆய்வாளர் லெவின், ஸ்டிரே கண்டர்சன் ஆகியோர் 1997இல் காட்டினர். இதே சுரப்பை ஊசிவழி உடலில் ஏற்றுவது தடை செய்யப்பட்டுள்ளது. மலையில் வாழ்ந்து பெறுவதோ தடையன்று. மலைக்காற்றைப் போன்ற காற்றைச் செயற்கையாக நிரப்பிய கூடாரத்தில் உறங்குவது முறையா என்னும் வினா எழுந்தபோது, உலக ஊக்க மருந்துத் தடுப்பு முகமை 2006இல் அதனை ஆராய்ந்து, தடை செய்யாது விட்டது.

மலையைப் போன்றே அடுக்களையும் வலிமைக்கு ஊற்றாயிற்று. 1966இல் சுவீடன் ஆய்வாளர் பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மன் இருவரும் தம் உடலையே ஆய்வுக்களமாக்கினர். ஒரே மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலால் சோரும்வரை மிதித்தனர். பின்னர் மாச்சத்து மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலின் தசையில், ஓய்ந்திருந்த காலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருக்கக் கண்டனர். தசை தன் எரிபொருளாகச் சேமித்து வைக்கும் சர்க்கரையே கிளைக்கோஜன். உழைப்பும் உணவும் முறையாக இணைந்தால் அச்சேமிப்பு பெருகும் என்னும் உண்மை அன்று துலங்கிற்று.

2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. மாச்சத்து கலந்த நீரை வாயில் கொப்பளித்துத் துப்பிய மிதிவண்டி வீரர்கள், அதனை விழுங்காத போதும், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பந்தயத்தைச் சற்றேறக்குறைய 3 விழுக்காடு விரைவாக முடித்தனர். வாய் உணர்ந்ததை மூளை அறிந்து களைப்பைத் தளர்த்துகிறது என்பர். 2009இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் எண்மர், ஆறு நாள் நாள்தோறும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு அருந்தினர். கடும் மிதிப்பில் சோர்வுறும்வரை தாங்கும் நேரம் 16 விழுக்காடு கூடிற்று. காப்பியின் கதையோ வேறு. அதில் உள்ள காஃபீன் அளவு மிஞ்சினால் குற்றம் என்று 1984 முதல் இருந்த விதி, 2004இல் நீக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கின், ஒரு வழி புதுமையானதா என்பது அதன் தகுதிக்கு அளவுகோலன்று என்பது புலனாகும். ஆற்றலைக் கூட்டுவது, உடலுக்கு ஊறு விளைப்பது, விளையாட்டின் பண்புக்கு மாறானது ஆகிய மூன்றனுள் இரண்டு பொருந்தினால் ஒன்றைத் தடைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது இன்றைய நெறி. எல்லைக்கோடு மாந்தர் வரைந்ததே. காலத்தோறும் அது நகர்ந்தும் இருக்கிறது. ஆதலின் விதி இடங்கொடுக்கிறது என்பதனால் மட்டும் ஒரு செயல் தூயதாகிவிடாது. ஹிக்ஸ் நஞ்சுண்டு ஓடிய நாளில் விதி அவருக்கு இடங்கொடுத்தே நின்றது; அவர் உயிரைக் காக்க அது முன்வரவில்லை.

வள்ளுவர் வினைத்திட்பத்தைக் கூறுமுன் வினைத்தூய்மையைக் கூறினார். திடலில் நிற்கும் இளைஞனும் அவ்வரிசையையே பின்பற்றுதல் வேண்டும். பிறர் அறிய வெளிப்படையாகச் செய்யத்தக்கதா, உடலைக் கெடுக்காததா, தன் உழைப்போடு இணைந்து நிற்பதா என்று முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே ஆற்றலைத் தேடுபவன், விதி நாளை எவ்வாறு மாறினும் தலைகுனிய நேராது.