பிறமொழி மேடையில் நம் பிள்ளைகள்



கோலாலம்பூரிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதியை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. தோட்டத்திலிருந்து தலைநகருக்கு வரும் நம்மவர்கள் தீபாவளிக்குத் துணிமணி எடுக்கவும், கோயிலுக்குப் போகவும், வாழை இலையில் சாப்பிடவும் தேடிச் செல்லும் இடம் அது. 1880-களில் அத்தாப்புக் கூரைகளை அகற்றிக் கோலாலம்பூரைச் செங்கல் நகரமாகக் கட்டியெழுப்பிய காலத்தில், அதற்கு வேண்டிய செங்கற்களைச் சுட்ட சூளைகள் அங்கேதான் இருந்தன. பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் அங்கே எழுந்தன. இன்று துன் சம்பந்தன் சாலை என்று வழங்கும் அந்தச் சாலையின் ஓரத்தில், 1904-ஆம் ஆண்டில் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமம் நிற்கிறது. அதன் முன்புறத்தில் சுவாமி விவேகானந்தரின் சிலையைக் காணலாம்.

அந்தச் சிலைக்குரியவர் உலகப் புகழ் பெற்றது ஒரு மேடைப் பேச்சினால். அந்தப் பேச்சோ அவருடைய தாய்மொழியில் நிகழ்ந்ததன்று. அவர் தாய்மொழி வங்காளம், பேசியது ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் பிறமொழியில் மேடையேறிப் பேசக் கற்பது எப்படி, அதற்கு நம் முன்னோர் வரலாறு தரும் பாடம் என்ன என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு விளக்கம். பிறமொழி என்று நான் இங்கே குறிப்பிடுவது ஆங்கிலத்தை. மலாய்மொழி நம் நாட்டின் தேசிய மொழி. அதை அந்நிய மொழி என்று சொல்லலாகாது. ஆயினும், வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு இவ்விரண்டும் பள்ளியில் வந்து கற்கும் மொழிகள்தாம். இரண்டிலும் எழுந்து நின்று பேசும்போது ஏற்படும் கூச்சம் ஒன்றே; அதற்கு மருந்தும் ஒன்றே.

1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சிகாகோ நகரில் சர்வசமயப் பேரவை கூடியது. அன்று விவேகானந்தருக்கு வயது 30. மற்றவர்கள் எழுதி ஆயத்தம் செய்த உரைகளோடு வந்திருந்தார்கள். அவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. தம் முறை வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டு, பிற்பகலில்தான் எழுந்தார். அப்போது தம் நெஞ்சு படபடத்ததையும் நாக்கு வறண்டுபோனதையும் அவரே பின்னர் ஒரு கடிதத்தில் ஒளிக்காமல் எழுதினார். அவர் அன்று பேசியது சில நிமிடங்களே. ஆனால் அரங்கம் முழுவதும் எழுந்து ஆரவாரம் செய்தது.

அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? சென்னையைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியருக்கு. குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய அந்த ஆசிரியர்தாம், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி, விவேகானந்தரைக் கப்பலேற்றியவர். சிகாகோ மேடைக்கு முன்னால் சிறிய மேடைகளும் இருந்தன. சென்னையில் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் அவர் பேசினார். 1893 பிப்ரவரியில் செகந்திராபாத்தில் மகபூப் கல்லூரியில், ஐரோப்பியரும் அமர்ந்திருந்த பெரிய கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றினார். படிப்படியாக வளர்ந்த மேடைகளே அவரைச் சிகாகோவுக்குக் கொண்டு சென்றன. வறண்ட நாக்கு வெட்கத்துக்குரியதன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம். பேசுகிறவனுக்குப் பின்னால் அவனை நம்புகிற சிலர் இருக்க வேண்டும் என்பதையும் அறிகிறோம்.

இனி நம் மலாயாவுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமத்தை நிறுவியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் பலர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்கள். அதே காலத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் ரப்பர்த் தோட்டத்து லயங்களுக்குச் சென்றனர். இருவரும் தமிழர்களே. வேறுபாடு பள்ளிக்கூடத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவந்தன; வட்டுக்கோட்டை செமினரி 1823-லேயே தொடங்கப்பட்டது. நம் தோட்டங்களிலோ, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படி ஏற்பட்ட பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பெரட்டுக்குப் போய் வந்த களைப்போடு அவர் எழுத்தறிவித்தார். ஆங்கிலம் அந்தக் கூரையின்கீழ் நுழையவில்லை.

இதன் விளைவு என்ன? தொழிலாளி தன் குறையைத் தமிழில் சொல்வார். கிராணி அதை ஆங்கிலத்தில் துரையிடம் சொல்வார். சொன்னது முழுதும் போய்ச் சேர்ந்ததா, பாதி வழியில் சுருங்கிவிட்டதா என்று தொழிலாளிக்குத் தெரியாது. மொழி தெரியாதவன் தன் வழக்கைப் பிறர் நாவில் ஒப்படைக்கிறான்.

இங்கே இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை வாங்குவதற்காகத் துரைமார்களும் தமிழ் கற்றார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தேர்வுகள் நடந்தன, கைப்புத்தகங்களும் இருந்தன. அவர்கள் பேசிய தமிழில் ஒருமை பன்மை இல்லை, மரியாதை இல்லை, உச்சரிப்பும் சரியில்லை. அதற்காக எந்தத் துரையும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதில்லை. தேவை இருந்தது, பேசினார்கள். நம் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டால் மட்டும் ஏன் தலைகுனிய வேண்டும்?

தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறினார். அவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்தார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் அதைச் சரியாக உச்சரிப்பதிலும் அவர் காட்டிய கவனம் பெரிது. வகுப்பறையே அவருடைய முதல் மேடை. பின்னாளில் இலண்டனிலும் ஜெனீவாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பேசினார். ஆங்கிலேயர்களே அவரை 'வெள்ளி நாக்கு' படைத்தவர் என்று புகழ்ந்தார்கள்.

அந்தச் சாஸ்திரியார் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அவரை அனுப்பியது. 1928-இல் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி, உலக மந்தத்தின்போது குறைக்கப்பட்டிருந்தது. அதைப் பழைய நிலைக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் 1937-இல் வெளிவந்த அறிக்கையில் பரிந்துரைத்தார். ஆனால் தொழிலாளர் நிலை பொதுவில் குறைசொல்லும்படி இல்லை என்றும், இந்தியாவிலிருந்து ஆள்கள் வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் அவர் கருதினார். 1936-இல் தோன்றியிருந்த மலாயா இந்தியர் மத்திய சங்கத்துக்கு இதில் மனக்குறை ஏற்பட்டது. தோட்டத்தின் உண்மைத் துன்பம் அறிக்கையில் ஏறவில்லை என்று அவர்கள் கருதினார்கள். 1938-இல் இந்திய அரசே தொழிலாளர்களை உதவியளித்து அனுப்புவதை நிறுத்திவிட்டது.

நேயர்களே, இதை நான் சாஸ்திரியாரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. வெள்ளி நாக்கு படைத்தவரே நமக்காகப் பேச வந்தாலும், சில வாரங்கள் பார்த்துச் சென்றவர் பேச்சு வேறு, லயத்தில் வாழ்ந்தவர் பேச்சு வேறு. நம் வாழ்க்கையை நாமே எடுத்துச் சொல்லக் கற்க வேண்டும்.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். தொழிலாளர்களின் கோரிக்கைகள் எவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும். கூலி கேட்டவர்கள் கூடவே பேசும் உரிமையையும் கேட்டார்கள் என்பது நம் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு மாண்டார்கள்.

போருக்குப் பின் காலம் மாறியது. 1954-இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளராக விளங்கிய பி. பி. நாராயணன் 1962-இல் மகசேசே விருது பெற்றார். 1975-இல் உலகத் தொழிற்சங்கங்களின் பேரமைப்பு ஒன்றுக்குத் தலைவராகவும் ஆனார். ரப்பர்த் தோட்டத்துச் செய்தி அனைத்துலக மேடைகளில் ஒலித்தது.

இனி நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

முதலாவது, சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லவையுங்கள். தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் சொற்களை மட்டும் தேடினால் போதும். தமிழிலும் கருத்துத் தெளியாவிட்டால் எந்த மொழியும் கைகொடுக்காது.

இரண்டாவது, சிறு வாக்கியங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. முழு உரையையும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, நடுவில் ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டு, இடையில் மூன்று குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசட்டும்.

மூன்றாவது, நாக்குக்குப் பயிற்சி. தமிழில் ப என்ற ஓர் எழுத்தே 'படம்' என்பதில் வல்லோசையாகவும் 'கம்பம்' என்பதில் மெல்லிய ஓசையாகவும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வேறு வேறு எழுத்துகள். மாற்றி ஒலித்தால் பொருளே மாறிவிடும். சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதும் தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நம் வாயில் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது. இது அறிவுக்குறை அன்று, தாய்மொழியின் பழக்கம். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்களை உரக்கச் சொல்லிவந்தால் சில மாதங்களில் மாறிவிடும்.

நான்காவது, பேசும்போது குறுக்கிடாதீர்கள். முடித்த பிறகு இரண்டு பிழைகளை மட்டும் திருத்துங்கள். பத்தையும் ஒரே நாளில் சுட்டிக்காட்டினால், மறுநாள் பிள்ளை எழுந்து நிற்காது. சிரிப்பவர்களை அடக்குவது ஆசிரியரின் கடமை.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. அம்மா, மொழி தெரியாதவரும் கேட்டறியக்கூடியவை பல உண்டு. குரல் அடுப்படி வரை எட்டுகிறதா? பிள்ளை தலைநிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? மூச்சு வாங்காமல் ஓடுகிறதா, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறதா? வாக்கியத்தின் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே போய்விடுகிறதா? இவற்றை நீங்கள் சொல்லலாம். மாலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அளசிங்கருக்கு இருந்த நம்பிக்கை உங்களுக்கும் இருந்தால் போதும்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. நம் பிள்ளைகள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள்; அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நிற்கிறார்கள். அங்கே அவர்களுக்காகப் பேச இடையில் கிராணி வரமாட்டார். வரவும் வேண்டியதில்லை. கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டது பேசும் உரிமை. அதைப் பயன்படுத்தும் ஆற்றலைப் பிள்ளைகளுக்குத் தருவது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.