அம்பிலிருந்து மரையாணி வரை

பட்டறையில் நாள்தோறும் புழங்கும் ‘போல்ட்’ என்ற சொல், ஆங்கிலத்தில் முதன்முதலில் குறித்தது அம்பைத்தான். குறுக்குவில்லில் பூட்டி எய்யும் அம்பு அது. சாதாரண வில்லின் அம்பைவிடக் குட்டை, தண்டு பருமன், முனையில் கனத்த இரும்பு. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லான ‘போல்ட்சன்’ இன்றும் அந்த அம்பையும் இயந்திர போல்ட்டையும் சேர்த்தே குறிக்கிறது.

அம்பின் வடிவம், வேகம் என்ற இரண்டிலிருந்தும் இச்சொல்லின் பிற பொருள்கள் கிளைத்தன.

நேரான, உறுதியான தண்டு என்பதால் கதவின் தாழ்ப்பாளுக்கும், பாகங்களை இணைக்கும் உலோக முளைக்கும் இப்பெயர் வந்து சேர்ந்தது. உருளையாகச் சுருட்டிய துணிக்கட்டும் ‘போல்ட்’ ஆயிற்று. முதுகு வளையாமல் விறைப்பாக உட்காருவதையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் சொல்வர்.

வேகத்தின் வழியே வந்தவை வேறு. விண்ணிலிருந்து பாயும் இடி ஒரு போல்ட். மிரண்டு ஓடும் குதிரை ‘போல்ட்’ செய்கிறது. வெயில் ஏறியதும் கொத்தமல்லி தழைப்பதை விட்டுத் திடீரெனப் பூந்தண்டு விடுவதற்கும் தோட்டக்காரர்கள் இதையே சொல்கிறார்கள். இவ்வாறு, இறுக்கிப் பிடிப்பதற்கும் பிடியை விட்டுப் பாய்வதற்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. மாவு சலிப்பதைக் குறிக்கும் ‘போல்ட்’ மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்து ஒலியால் ஒன்றிப்போனது.

போல்ட்டின் தண்டில் மரை, அதாவது திருகுவரி, வெட்டும் வழக்கம் பிற்பாடு பரவியது. பழைய போல்ட்டுகள் பலவற்றில் தண்டின் நுனியில் ஒரு துளை மட்டுமே இருக்கும். அதில் ஆப்பைச் செருகி இறுக்குவார்கள். மரை வெட்டும் கடைசல் இயந்திரங்கள் பெருகிய பிறகும் ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 பாகைக் கோணத்தை வரையறுத்துப் பொது அளவுமுறையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் 60 பாகையே.

தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் போல்ட்டைக் கொடுக்கும்போது அதன் அளவோடு பெயரின் வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள். தாம் கையாளும் பொருளின் பின்னால் பல நூற்றாண்டு மனித உழைப்பு இருக்கிறது என்று அறிந்தவர்கள் தம் தொழிலை ஒருபோதும் தாழ்வாக நினைக்க மாட்டார்கள்.