பல்சருனேத்தா

சார்டினியாத் தீவின் வடமேற்குக் கரையில் அல்கேரோ என்றொரு ஊர். இத்தாலிக்குச் சொந்தமானது. ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசுவது கத்தலான். ஊருக்குச் செல்லப்பெயர் 'பார்சலோனேத்தா', அதாவது குட்டி பார்சலோனா. அதையே ஊர்க்காரர் வாயால் கேட்டால் 'பல்சருனேத்தா' என்றுதான் காதில் விழும். ர் இருந்த இடத்தில் ல், ல இருந்த இடத்தில் ர. அறுநூறு ஆண்டுக் கதை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

1354இல் அரகோன் மன்னர் நான்காம் பெரே படையோடு வந்து இந்த ஊரை முற்றுகையிட்டுப் பிடித்தார். அதுவரை ஜெனோவாவின் தோரியா குடும்பத்தின் கையில் இருந்த ஊர் அது. பழைய குடிகள் துரத்தப்பட்டார்கள். சலுகைகள் கொடுத்துக் கத்தலான்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இன்று நாம் பரிவோடு பேசுகிற இந்தச் சிறுபான்மை மொழி அந்த ஊருக்குள் வந்த வழி அதுதான். அதை மறந்துவிட்டுப் பேசுவது சரியில்லை.

'கடல் கடந்து போய் உறைந்து நின்றுவிட்ட இடைக்காலக் கத்தலான்' என்று இதை வர்ணிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறையவெல்லாம் இல்லை. ஊர் என்ற பொருளில் வரும் vila என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சலோனாவில் இதைப் 'பீலா' என்பார்கள்; அங்கே பழைய வ ஒலி ப-வோடு கலந்துபோய்விட்டது. அல்கேரோவில் 'வீரா'. முதல் எழுத்தில் அல்கேரோ பழசைக் காப்பாற்றியிருக்கிறது, இரண்டாவதில் புதுசாகிவிட்டது. 'நான் பாடுகிறேன்' என்பதற்குப் பார்சலோனாக்காரர் 'காந்து' என்கிறார். அல்கேரோக்காரர் விகுதியே இல்லாமல் 'காந்த்' என்று நிறுத்திவிடுகிறார். அதுதான் பழைய வடிவம். அப்படியென்றால் மாறியது யார்? இரண்டு பேருமேதான், ஆளுக்கொரு இடத்தில்.

அந்த ர எங்கிருந்து வந்தது? கொஞ்சம் அக்கம்பக்கத்திலிருந்து. 1582இல் ஊரில் கொள்ளைநோய் பரவியது. ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், வெளியே போகிறவர் ஆறடிக் கம்பு ஏந்த வேண்டும் என்று அங்கேலேரியோ என்ற மருத்துவர் சட்டம் போட்டது அப்போதுதான். (கோவிட் காலத்தில் நமக்கு இதெல்லாம் புதுசு மாதிரி இருந்தது!) குடிகள் குறைந்த ஊருக்குள் காலப்போக்கில் சுற்றுவட்டாரச் சார்டினியர் வந்து சேர்ந்தார்கள். மெய்யை அடுத்து வரும் ல-வை ர ஆக்குவது சார்டினிய மொழியின் வழக்கம். சதுக்கம் என்ற 'பிளாசா' இங்கே 'பிராசா' ஆனது. ஆட்டுக்குட்டிக்கு 'அன்ஜோனி', கழுதைக்கு 'முரெந்து' என்று சார்டினியச் சொற்களும் உள்ளே வந்தன. ஒரு காலத்தில் துரத்தப்பட்டவர்களின் மொழி, துரத்தியவர்களின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1720இல் தீவு சவோய் அரசின் கைக்குப் போனது. பிறகு பள்ளி, அலுவலகம் எல்லாம் இத்தாலியமயம். 1880களில் காலியாரியில் ஸ்பெயினின் தூதரக அதிகாரியாக இருந்த எதுவார்த் தோதா இந்த ஊரைப் பற்றி எழுதிய பிறகுதான், இப்படி ஒரு கத்தலான் ஊர் இருப்பது பார்சலோனா வாசகர்களுக்குத் தெரியவந்தது. 1906இல் பார்சலோனாவில் நடந்த கத்தலான் மொழி மாநாட்டுக்கு, ஊர்க்காரர் ஜுவான் பலோம்பா தங்கள் பேச்சின் இலக்கணத்தைக் கட்டுரையாகக் கொடுத்தார். 1960இல் பிராங்கோவின் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே பார்சலோனாவிலிருந்து ஒரு கப்பல் நிறைய ஆட்கள் அல்கேரோவுக்கு வந்து இறங்கினார்கள். அதை 'மறுசந்திப்பு' என்றே இன்றும் சொல்கிறார்கள். சோகம் என்னவென்றால், ஊர்ப் பெற்றோர் பிள்ளைகளிடம் இத்தாலியத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

எழுதுவது எப்படி என்பதுதான் மிஞ்சிய சண்டை. வாழ்க்கை என்ற vida-வில் வரும் த-வும் இங்கே ர ஆகிவிடும். ஆக, ஊரும் 'வீரா', வாழ்க்கையும் 'வீரா'. பேசுகிறபடியே எழுதினால் மற்ற கத்தலான் வாசகர்களுக்குப் புரியாது; பார்சலோனா மாதிரியே எழுதினால் ஊர்க்காரருக்கு அது அந்நியம். 2003இல் ஒரு நடுவழி வகுத்தார்கள்: ஊரின் இலக்கணமும் சொற்களும் அப்படியே இருக்கட்டும், எழுத்துக்கூட்டல் மட்டும் பொதுவானதாக இருக்கட்டும் என்று. கத்தலான் ஆய்வுக் கழகமும் இதை ஏற்றுக்கொண்டது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தைப் பார்த்து 'வீதா' என்று படிக்கும் பிள்ளையிடம், அது 'வீரா' என்று திருத்த வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். 2015 கணக்கெடுப்பில், கத்தலானைத் தங்கள் முதல் மொழி என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.